14 புள்ளிகள் இருந்தும் சிஎஸ்கே வெளியேறியது ஏன்? ஐபிஎல் பிளே-ஆஃப் கணக்கு: எளிய விளக்கம்

2024 மே 18. பெங்களூருவில் ஆர்சிபி - சிஎஸ்கே மோதல். கடைசி ஓவரில் சென்னை ஜெயிக்க 35 ரன் தேவை. ஆனால் பிளே-ஆஃப் போக 17 ரன் அடித்தாலே போதும்! தோற்றாலும் உள்ளே போகலாம் என்றால், அது எப்படி? புள்ளிப்பட்டியலில்தான் இருக்கிறது பதில்.

புள்ளிகள் எப்படி?

ஐபிஎல் தொடரில் 10 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 14 லீக் போட்டிகள். ஜெயித்தால் 2 புள்ளி, தோற்றால் பூஜ்யம். மழையால் முடிவு இல்லை என்றால் ஆளுக்கு 1 புள்ளி. முதல் 4 இடம் பிடிக்கும் அணிகளுக்கு பிளே-ஆஃப்.

புள்ளிகள் சமமானால்?

இங்குதான் வருகிறது நெட் ரன் ரேட். ஓர் அணி தொடர் முழுக்க அடித்த மொத்த ரன்களை, ஆடிய மொத்த ஓவர்களால் வகுக்க வேண்டும். அதிலிருந்து, எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்த ரன்களை, வீசிய ஓவர்களால் வகுத்து வரும் எண்ணைக் கழிக்க வேண்டும். அவ்ளோதான்.

உதாரணம்: எதிரணி 20 ஓவரில் 160 ரன். நீங்கள் 16 ஓவரில் 161 அடித்து ஜெயித்தால், அந்தப் போட்டியின் ரன் ரேட் +2.06. அதையே கடைசிப் பந்து வரை இழுத்து ஜெயித்தால் வெறும் +0.05. இரண்டுக்கும் கிடைப்பது அதே 2 புள்ளிதான். ஆனால் தொடர் முடிவில் வித்தியாசம் தெரியும்.

ஆல் அவுட் ஆனால்?

18 ஓவரிலேயே சுருண்டாலும், 20 ஓவர் ஆடியதாகவே கணக்கு. அதனால் ஆல் அவுட் ஆகும் அணிக்கு ரன் ரேட் இன்னும் அடிவாங்கும்.

அன்று என்ன நடந்தது?

முதல் 8 போட்டிகளில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்திருந்தது ஆர்சிபி. அடுத்து வரிசையாக 5 வெற்றி. கடைசிப் போட்டியில் சிஎஸ்கேவை வென்றால் மட்டும் போதாது, ரன் ரேட்டிலும் முந்த வேண்டும். ஆர்சிபி எடுத்தது 218. சென்னையை 200 ரன்னுக்குள் நிறுத்தினால்தான் அது நடக்கும். யஷ் தயாள் வீசிய கடைசி ஓவரின் முதல் பந்தில் தோனி சிக்ஸர். அடுத்த பந்தில் அவுட்! சென்னை 191 ரன்னில் நின்றது.

இரு அணிகளுக்கும் 14 புள்ளிகள். ரன் ரேட்: ஆர்சிபி +0.459, சிஎஸ்கே +0.392. நடப்பு சாம்பியன் வீட்டுக்குப் போனது. டெல்லி, லக்னோ அணிகளுக்கும் அதே 14 புள்ளிகள்தான். ஆனால் இரண்டின் ரன் ரேட்டும் மைனஸில்.

2-வது இடத்துக்கு ஏன் இவ்வளவு போட்டி?

முதல் இரு இடம் பிடித்தால் இரண்டு வாய்ப்பு. குவாலிஃபையர் 1-ல் ஜெயித்தால் நேராக இறுதிப்போட்டி. தோற்றாலும் குவாலிஃபையர் 2 இருக்கிறது. 3, 4-வது அணிகளுக்கு எலிமினேட்டர். அதில் தோற்றால் கதை முடிந்தது.

அதே 2024-ல் ராஜஸ்தானின் கடைசி லீக் போட்டி குவாஹாட்டியில் மழையால் ரத்து. ஜெயித்திருந்தால் 18 புள்ளியுடன் 2-வது இடம். கிடைத்தது 1 புள்ளிதான். ஹைதராபாத்துடன் 17-ல் சமமாகி, ரன் ரேட்டில் பின்தங்கி 3-வது இடம். பிறகு குவாலிஃபையர் 2-ல் அதே ஹைதராபாத்திடம் தோற்றது. ஹைதராபாத்தோ குவாலிஃபையர் 1-ல் தோற்றும் இறுதிப்போட்டி வரை போனது!

எத்தனை புள்ளி எடுத்தால் சேஃப்?

நிலையான எண் எதுவும் இல்லை. 2019-ல் 8 அணிகள் ஆடிய தொடரில் 12 புள்ளியோடே 4-வது இடம் பிடித்தது ஹைதராபாத். கொல்கத்தா, பஞ்சாப் அணிகளுக்கும் 12 புள்ளிகள்தான். காப்பாற்றியது ரன் ரேட்.

எனவே அடுத்த முறை பட்டியலைப் பார்க்கும்போது புள்ளியோடு நிற்காதீர்கள். மீதமுள்ள போட்டிகள் எத்தனை, ரன் ரேட் பிளஸ்ஸா மைனஸா என்பதையும் பாருங்கள். தோற்கிற மேட்ச்சிலும் கடைசி ஓவர் வரை அடிப்பது ஏன் என்று புரியும்.