பின் பிரேக் பேடும் ஒரு சின்ன மோட்டாரும்

பி.காம் படிக்கிறவனுக்கு கார் பிரேக்கில் என்ன வேலை என்று கேட்கப் போகும் கிளாஸ்மேட்டுகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைசியில் காம்படிஷன் ஆக்ட் வருகிறது, அதுவரை பொறுமையாகப் படியுங்கள் :-)

போன வருடம் என் மாமா ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். கியர் பக்கத்தில் இழுக்கிற ஹேண்ட்பிரேக் அதில் கிடையாது. அந்த இடத்தில் விரலால் தூக்குகிற ஒரு சின்ன சுவிட்ச்தான். நாலு மாதத்தில் பின் சக்கரத்தில் கீச் கீச் என்று சத்தம். பேட் தேய்ந்துவிட்டது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனோம். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் வீட்டு வண்டிகளை அவர்தான் பார்க்கிறார். ஜாக்கி வைத்தார், சக்கரத்தைக் கழற்றினார். காலிப்பருக்குப் பின்னால் ஒட்டியிருந்த கறுப்பு டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிட்டார்.

"இதை நான் தொட்டா கெட்டுப்போயிடும் தம்பி. இதுக்கு கம்ப்யூட்டர் வேணும். கம்பெனிக்கே கொண்டு போங்க."

சொல்லும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேட் மாற்றுவது அவருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை. ஸ்பானர் வைத்துச் செய்த வேலைக்குள் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

கொஞ்சம் பழைய காலத்திலிருந்து தொடங்குவோம். குதிரை வண்டியில் பிரேக் என்றால் சக்கர விளிம்பில் அழுத்துகிற ஒரு மரக்கட்டை. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சாலைகளில் வண்டிக்காரர்கள் அந்தக் கட்டையில் பழைய பூட்ஸைக் கட்டி ஓட்டினார்களாம், நன்றாகப் பிடிக்கும் என்று. அதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பிரேக்குக்கென்றே தனிப் பொருள் செய்யத் தொடங்கினார். வருடம் 1897. ஃபெரோடோ கம்பெனி பிறந்த கதை இதுதான். இன்றைய பேட், லைனிங் எல்லாவற்றுக்கும் அந்தப் பூட்ஸ் ஒருவகையில் தாத்தா.

1902ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டு வந்தார். இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குப் பேட்டன்ட் வாங்கினார். லான்செஸ்டரின் டிஸ்க்கில் செம்பும் இரும்பும் உரசிக் காது கிழியச் சத்தம் போட்டது. அதனால் டிரம்தான் ஜெயித்தது. பிறகு 1921ல் அமெரிக்காவின் டூசன்பெர்க் காரில் நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக் வந்தது. டிஸ்க் பிரேக் பெயர் வாங்கியது 1953ல், அதைப் பொருத்திய ஜாகுவார் கார் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தபோது. 1955ல் சிட்ரோயன் டி.எஸ். காரின் முன் சக்கரங்களில் டிஸ்க் வந்தது.

முன் சக்கரத்துக்கு முதலில் வந்ததற்குக் காரணம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, வேலையில் பெரும்பகுதி முன் பிரேக்குக்குத்தான். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் இன்றும் பின்னால் டிரம்தான் இருக்கிறது.

இனி ஹேண்ட்பிரேக். கால் பிரேக் போனாலும் வண்டியை நிறுத்த இரண்டாவதாக ஒன்று வேண்டும், நிறுத்திய வண்டி உருளாமல் இருக்கவும் வேண்டும். அதற்காக ஒரு கம்பி, ஒரு கேபிள், பின் சக்கரம். கையால் இழுத்தால் பிடிக்கும். எண்ணெய் ஒழுகினாலும் பேட்டரி செத்தாலும் பிடிக்கும். பின்னால் டிஸ்க் வந்தபோது பலர் இந்தக் கேபிளைக் காலிப்பருக்குள்ளேயே கொண்டுபோய் இணைத்தார்கள். அப்போதே பேட் மாற்றும் வேலை கொஞ்சம் மாறியது. முன் பிஸ்டனை கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். பின் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும், உள்ளே மரை இருக்கிறது. அதற்கான கருவி விலை குறைவு. அண்ணன் அதை வாங்கி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.

2001ல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் கம்பி போய் பட்டன் வந்தது. கேபிளை இழுக்கும் வேலையை ஒரு மோட்டார் எடுத்துக்கொண்டது. அடுத்து கேபிளும் போனது. 2005ல் வந்த ஃபோக்ஸ்வாகன் பஸாட் மாதிரியில் ஒவ்வொரு பின் காலிப்பரின் முதுகிலும் ஒரு சின்ன மோட்டார். அது சுற்றும்போது உள்ளே ஒரு திருகு சுற்றும், அதன் மேலுள்ள நட் முன்னால் நகர்ந்து பிஸ்டனைத் தள்ளும். பேட் தேயத் தேய நட் இன்னும் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும்.

சிக்கல் இங்கேதான். புது பேட் தடிமன் அதிகம், ஆகவே பிஸ்டன் பின்னால் போக வேண்டும். பிஸ்டன் பின்னால் போக வேண்டுமென்றால் நட் முதலில் பின்வாங்க வேண்டும். நட்டை நகர்த்த மோட்டாரால்தான் முடியும், மோட்டாருக்குச் சொல்ல கம்ப்யூட்டரால்தான் முடியும். இதற்கு சர்வீஸ் மோடு என்று பெயர். ஸ்கேனரை மாட்டி அந்த மோடுக்குப் போனால் நட் பின்வாங்கும். பிறகு வழக்கமான வேலைதான்: காலிப்பரைக் கழற்று, பிஸ்டனைத் தள்ளு, பேட்டை மாற்று. முடிந்ததும் சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வந்தால் மோட்டார் புது பேட்டின் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் இல்லாமல் கிளாம்ப் போட்டு நெருக்கினால் உள்ளே இருப்பது உடையும். அண்ணன் பயந்தது சரிதான்.

இதைக் கம்பெனிக்காரர்களின் சூழ்ச்சி என்று மட்டும் எழுதினால் நியாயமில்லை. பேட்டைக் கழற்றிய நேரத்தில் யாராவது சுவிட்சைத் தொட்டால் கை நசுங்கும். அதைத் தடுப்பதற்கும் இந்த மோடு உதவுகிறது. மேட்டில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்கிற வசதியும் இந்த ஏற்பாட்டோடு சேர்ந்து வருகிறது. சில ஃபோர்டு கார்களில் ஸ்கேனரே வேண்டாம், சாவி, பெடல், சுவிட்ச் மூன்றையும் சொன்ன வரிசையில் இயக்கினால் சர்வீஸ் மோடு வந்துவிடும்.

இந்தக் கடைசித் தகவலைப் படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. கம்ப்யூட்டர் வந்ததால் தெரு மெக்கானிக் வெளியே நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாவியை அவருக்கும் கொடுக்கலாமா என்பது என்ஜினியரிங் கேள்வியே அல்ல, நம் காமர்ஸ் கேள்வி.

இந்தக் கேள்வி பல நாடுகளில் எழுந்தது. ஐரோப்பிய யூனியன் 2007ல் கொண்டுவந்த ஒரு விதி, வெளி மெக்கானிக்குகளுக்கும் பழுது பார்க்கும் தகவலைத் தர வேண்டும் என்றது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். 100க்கு 80 பேருக்கு மேல் மெக்கானிக் பக்கம் நின்றார்கள்.

இந்தியாவில் என்ன நடந்தது? இதோ காம்படிஷன் ஆக்ட் வந்துவிட்டது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகம், ஸ்கேனர் போன்ற கருவிகள், தொழில்நுட்பக் குறிப்புகள் எதையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடவில்லை என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகளின் வாதம் சுவாரஸ்யமானது. கார் வாங்குகிறவர் பிற்காலப் பராமரிப்புச் செலவையும் கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறார், ஆகவே காரும் பராமரிப்பும் ஒரே சந்தை, அதில் எங்களுக்குப் போட்டி இருக்கிறது என்றார்கள். ஆணையம் ஏற்கவில்லை. அப்படி யாராலும் கணக்குப் போட முடியாது, கார் விற்பது ஒரு சந்தை, விற்ற பின் பராமரிப்பது வேறு சந்தை, தன் காரின் உதிரி பாகச் சந்தையில் ஒவ்வொரு கம்பெனியும் தனி ராஜா என்று சொன்னது. 2016ல் மேல்முறையீட்டுக்குப் போன 3 கம்பெனிகளுக்கு அபராதத்தைக் கணக்கிடும் முறை மாறித் தொகை குறைந்தது, தவறு நடந்தது என்ற முடிவு மட்டும் மாறவில்லை.

என் மாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது மைலேஜ் பார்த்தார், டயர் பார்த்தார், கலர் கூடப் பார்த்தார். பின் பேட் மாற்ற ஸ்கேனர் வேண்டுமா என்று பார்த்தாரா? பாடப்புத்தகத்தில் நான் மனப்பாடம் செய்து எழுதிய "சந்தை வரையறை" எனக்குப் புரிந்தது அன்றுதான்.

சரி, மாமா கார் என்ன ஆனது? கம்பெனிக்குப் போகவில்லை. அண்ணன் இரண்டு வாரம் டைம் கேட்டார். தவணையில் ஒரு ஸ்கேனர் வாங்கினார். ஒரு பேட் வேலையில் அந்தக் காசு வராது, இப்படி எத்தனை வண்டி வரும் என்று அவருக்கும் தெரியாது. வாங்காமல் இருந்தால் இனி வருகிற வண்டிகளையெல்லாம் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். பிரேக் ஈவன் பாயிண்ட் என்று நாம் படிப்பதை அவர் தலைக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டுக்குப் போனேன். ஸ்கேனரில் எல்லாம் இங்கிலீஷ். நான் மெனுவைப் படித்துச் சொன்னேன், அவர் பட்டனை அழுத்தினார். பின் சக்கரத்தில் "ர்ர்ர்" என்று மோட்டார் பின்வாங்கியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அதற்கப்புறம் என் உதவி தேவைப்படவில்லை. முக்கால் மணி நேரத்தில் இரண்டு பக்கமும் முடித்து, கை துடைத்துக்கொண்டு, "அடுத்த வண்டிக்கு நானே படிச்சுக்கறேன் தம்பி" என்றார்.

மெனு முழுவதையும் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த நோட்டு இப்போது ஸ்கேனர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்த பதிவில் சந்திப்போம்.