பிழை எண்ணிலிருந்து பிழை விவரம் வரை

தரவுத்தளம் ஒரு பதிவை ஏற்க மறுத்தால், ஏன் மறுத்தது என்பது அதை அனுப்பிய நிரலுக்குத் தெரிய வேண்டும். கீழ்பென்னாத்தூர் வட்டத்துக் கிராமம் ஒன்றின் பட்டா விவரங்கள் கணினியில் ஏறுவதாகக் கொள்வோம். ஒரே கிராமத்தில் ஒரு புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் சேர்ந்து இரண்டாம் முறை வரக்கூடாது என்பது விதி. 112/2பி மறுபடியும் வந்தால் தரவுத்தளம் தடுத்துவிடும். எந்த அட்டவணையில், எந்த விதி, எந்த மதிப்பால் மீறப்பட்டது என்று தெரிந்தால்தான் பிழையைத் திருத்த முடியும். அந்த விவரம் நிரலின் கைக்கு வந்து சேர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன.

1983இல் ஐபிஎம் அறிவித்த டிபி2 தரவுத்தளம், எஸ்க்யூஎல்கோட் என்ற எண்ணைத் திருப்பித் தந்தது. 0 என்றால் வெற்றி, 100 என்றால் தேடிய வரிசை இல்லை, எதிர்ம எண் என்றால் பிழை. இரட்டைப் பதிவுக்கு டிபி2 தந்த எண் -803. அதே தவறுக்கு ஆரக்கிளில் 00001, மைஎஸ்க்யூஎல்லில் 1062. தரவுத்தளத்தை மாற்றினால் பிழையைச் சோதிக்கும் வரிகளையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

இதற்குப் பொது முறை, தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் 1992ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்தது. எஸ்க்யூஎல்ஸ்டேட் என்ற அது ஐந்து எழுத்துக் குறியீடு. முதல் இரண்டு எழுத்து பிழையின் வகை, மற்ற மூன்று உட்பிரிவு. 23 என்று தொடங்கினால் தரவு விதி மீறல். மீறப்பட்ட விதியின் பெயரையும் அட்டவணையின் பெயரையும் கேட்டுப் பெறும் கட்டளையும் அதே தரநிலையில் இடம்பெற்றது.

நடைமுறை மெதுவாகவே பின்தொடர்ந்தது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் 2003இல் இக்குறியீடுகளுக்கு மாறியது. விதியின் பெயரைத் தனிப் புலமாகத் தந்தது 2013இல்தான். அதுவரை நிரலர்கள் செய்தி வாக்கியத்திலிருந்து பெயரை வெட்டியெடுத்தார்கள். செய்தி வேறு மொழியில் வந்தால் அந்த வழி பொய்த்தது. பட்டாதாரர் பெயர் இடத்துக்கு மீறி நீண்டால், மைக்ரோசாப்டின் எஸ்க்யூஎல் சர்வர் எந்தப் பத்தி என்று சொல்லாமலே மறுத்துவந்தது. 2019 பதிப்பில்தான் அட்டவணை, பத்தி, மதிப்பு மூன்றும் செய்தியில் சேர்ந்தன.

தரவுத்தளம் சொன்னாலும் நிரல் கேட்க வேண்டும். 2005இல் பிஎச்பி நிரல்மொழியின் 5.1 பதிப்புடன் வந்த பிடிஓ என்ற தரவுத்தள இணைப்புக் கருவி, இயல்பாகப் பிழையை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தது; நிரலரே கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. 2020இல் வந்த பிஎச்பி 8.0 இதை மாற்றியது: கவனிக்காத பிழை நிரலையே நிறுத்திவிடும்.

விவரம் கூடியபோது ஆபத்தும் கூடியது. திரையில் தெரிந்த பிழைச்செய்திகளைப் படித்தே அட்டவணைப் பெயர்களை அறிந்து ஊடுருவும் வழி வெளிச்சத்துக்கு வந்தது. அதனால் செய்தியை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் நிலைத்தது. குறியீடு, விதி, மதிப்பு எல்லாம் நிரலர் பார்க்கும் பதிவுக் கோப்புக்குப் போகும். அலுவலகத் திரையில் ‘இந்த உட்பிரிவு எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது’ என்ற ஒரு வரி மட்டும் தெரியும்.