16 வருஷம் எடுத்த ஒரு 'ஈஸி' கேள்வி



போன மாசம் ஒரு மாதிரி நேர்முகத்தேர்வில் மானம் போனது. கேம்பஸுக்கு வரும் மென்பொருள் கம்பெனிகள் பி.காம். பசங்களையும் கூப்பிடுகிறார்களே, நாமும் முயன்று பார்ப்போம் என்று கோடிங் கற்றுக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் நண்பன் ஒருவன் தேர்வு நடத்துபவனாக உட்கார்ந்தான். "முதல்ல ஈஸியா ஒண்ணு, பைனரி சர்ச் எழுது" என்றான்.

எழுதினேன். பேப்பரைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "லிஸ்ட்ல ரெண்டு நம்பர் மட்டும் இருந்தா உன் ப்ரோக்ராம் விடிய விடிய ஓடும்டா!"

அன்று ராத்திரி, இது நமக்கு வராது என்று முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் இந்த பைனரி சர்ச்சின் கதையைத் தேடிப் படித்தபோதுதான் மனசு கொஞ்சம் ஆறியது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

அது என்ன பைனரி சர்ச்?

நம்ம பாஷையில் சொல்கிறேன். 1000 வவுச்சர்கள் எண் வரிசையில் அடுக்கி இருக்கின்றன. நடுநடுவே சில எண்கள் விட்டுப்போயிருக்கலாம். உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட எண் வேண்டும். முதலில் இருந்து புரட்டினால் 1000 தடவை பார்க்க வேண்டி வரலாம். அதற்குப் பதில் கட்டின் நடுவில் திறந்து பாருங்கள். தேடும் எண் அதைவிடப் பெரியது என்றால் முன்பாதி வேண்டாம், சிறியது என்றால் பின்பாதி வேண்டாம். மிச்சமுள்ள பாதியில் மறுபடி நடுவைத் திறக்க வேண்டியதுதான். இப்படிப் போனால் 1000 வவுச்சருக்கு அதிகபட்சம் 10 தடவை பார்த்தால் போதும். 10 லட்சம் இருந்தாலும் 20 தடவைதான்!

அகராதி புரட்டத் தெரிந்த யாருக்கும் புரியும் விஷயம். அதனால்தான் இது 'ஈஸி' கேள்வி ஆனது. ஆனால் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

1946 முதல் 1962 வரை

ஈனியாக் கணினியை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜான் மாக்லி. 1946 கோடையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், மூர் பள்ளியில், கணினி வடிவமைப்பு பற்றிப் புகழ்பெற்ற சொற்பொழிவுத் தொடர் ஒன்று நடந்தது. அங்கேதான் மாக்லி பைனரி சர்ச் பற்றிப் பேசினார். அச்சில் வந்த முதல் குறிப்பு அதுதான் என்கிறார்கள்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் வெளியான முறைகள் எல்லாம் 1, 3, 7, 15, 31 என்று சில குறிப்பிட்ட அளவுப் பட்டியல்களுக்கு மட்டுமே வேலை செய்தன. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். 7 இருந்தால் நடுவில் 1, இரண்டு பக்கமும் 3, 3. அந்த 3-ஐப் பிரித்தால் நடுவில் 1, பக்கத்துக்கு 1. எல்லாம் அழகாக டேலி ஆகும். 6 அல்லது 10 இருந்தால்தான் சிக்கல், சரியான நடு என்று ஒன்றே கிடையாது.

எந்த அளவுப் பட்டியலுக்கும் பொருந்தும் முறையைக் கணித மேதை டெரிக் ஹென்றி லெமர் 1960-ல் வெளியிட்டார். பிழையே இல்லாத முதல் நிரல் அச்சானது 1962-ல்தான் என்று டொனால்ட் கனூத்தை மேற்கோள் காட்டி ஜான் பென்ட்லி எழுதுகிறார். அதாவது யோசனை வந்து 16 வருஷம் கழித்து! எனக்கு என் நண்பன் கொடுத்தது 20 நிமிஷம் :)

வாத்தியார்களும் தப்பவில்லை

இந்த பென்ட்லி ஒரு வேலை செய்தார். தொழில்முறை நிரலாளர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது இதே கேள்வியைக் கொடுத்து, எழுத இரண்டு மணி நேரமும் கொடுத்தார். எழுதி முடித்தவர்கள் திரும்பச் சரிபார்த்தபோது 90 சதவீதம் பேர் தங்கள் நிரலில் பிழை கண்டார்கள். பல வகுப்புகளில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் இதே கதைதான். இதை 1986-ல் வந்த 'புரோகிராமிங் பேர்ல்ஸ்' நூலில் சொல்கிறார்.

சரி, பாடப்புத்தகங்களாவது சரியாக இருந்தனவா? 1988-ல் ரிச்சர்ட் பாட்டிஸ் என்பவர் 20 புத்தகங்களை எடுத்துப் பார்த்தார். 5-ல் மட்டுமே சரியான நிரல் இருந்தது.

உச்சக்கட்டம் 2006-ல் வந்தது. ஜாவா மொழியின் நூலகத்தில் பைனரி சர்ச் எழுதியவர் ஜோஷுவா பிளாக். மாணவராக இருந்தபோது பென்ட்லியிடமே இந்தப் பாடத்தைக் கேட்டவர். அவர் எழுதிய நிரலில் சுமார் 9 வருஷம் ஒரு பிழை யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்தது. பென்ட்லியின் நூலிலும் அதே பிழை!

பிழை இருந்த இடம் ஒரே ஒரு வரி. நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி 2-ஆல் வகுக்கிறோம் அல்லவா? ஜாவாவில் ஒரு சாதாரண முழு எண்ணின் உச்சம் 2147483647. பட்டியலில் சுமார் 107 கோடிக்கு மேல் இருந்தால் அந்தக் கூட்டல் உச்சத்தைத் தாண்டி, விடை மைனஸாகிவிடலாம். மைனஸ் இடத்தில் ஏது வவுச்சர்? நிரல் விழுந்துவிடும். தீர்வும் ஒரே வரிதான். இரண்டு எல்லைகளின் வித்தியாசத்தில் பாதியை எடுத்துக் கீழ் எல்லையோடு கூட்டினால் போதும்.

இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது நம்ம டிரயல் பேலன்ஸ். பற்றும் வரவும் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. இருப்பாய்வு வெளிக்காட்டாத பிழைகள் என்று ஒரு பாடமே படித்தோமே! நிரலும் அப்படித்தான். பத்து எண் கொடுத்துச் சரியான விடை வந்தால் அது டேலி ஆகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் கை நடுங்கியது?

பிழை வந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் வீட்டில் தனியாக எழுதும்போது வராத பதற்றம் அவன் முன்னால் ஏன் வந்தது? அதற்கும் பதில் இருக்கிறது. 2020-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேர் தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். மீதிப் பேர் தனி அறையில் தனியாக எழுதினார்கள். பார்வையில் எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே போனது. அப்படிப்பட்ட தேர்வு கோடிங் திறமையைவிடப் பதற்றத்தைத்தான் அளக்கிறதோ என்பது ஆய்வாளர்களின் கேள்வி.

அந்தத் தேர்வு முறை நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் வேலை கொடுப்பவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். அதனால் மாதிரித் தேர்வு என்பது கேள்விகளை மனப்பாடம் செய்வதற்கு இல்லை, இன்னொருவர் பார்க்கும்போது யோசிப்பதற்குப் பழகிக்கொள்வதற்கு என்று எடுத்துக்கொண்டேன். நிரல் எழுதி முடித்ததும் 'முடிஞ்சுது' என்று பேனாவை வைக்காமல், பட்டியல் காலியாக இருந்தால், ஒன்றே ஒன்று இருந்தால், இரண்டு இருந்தால், தேடும் எண்ணே இல்லாவிட்டால் என்று ஒவ்வொன்றாகக் கையால் போட்டுப் பார்க்கவும் ஆரம்பித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே நண்பன், அதே கேள்வி. 25 நிமிஷம் ஆனது. இந்தத் தடவையும் ஒரு தப்பு செய்தேன். ஆனால் அவன் வாயைத் திறப்பதற்குள் நானே கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன்.

"ம்ம், பரவாயில்ல" என்றவன், "சரி, ஒரே நம்பர் ரெண்டு தடவை இருந்தா உன் ப்ரோக்ராம் எதைக் காட்டும்?" என்று கேட்டான்.

திருதிருவென்று முழித்தேன். அடுத்த ஞாயிறு அதற்கு!