முல்லைக் கொடியும் திருமுல்லைவாயிலும்

சிவாலயங்கள் பலவற்றில் தலமரமாக விளங்குவன வில்வம், வன்னி, கொன்றை முதலிய மரங்களாம். தானே நிற்கும் வலியற்ற ஒரு மெல்லிய கொடி, தலத்திற்குப் பெயரும் தந்து தலவிருட்சமாகவும் போற்றப்பெறுதல் அரிது. அவ்வருஞ்சிறப்பினைப் பெற்றது முல்லை.

காடும் காடு சார்ந்த இடமும் இக்கொடியின் பெயரையே கொண்டன. அந்நிலத்திற்கு மாயோனைத் தெய்வமாகக் கூறுகிறது தொல்காப்பியம். பிரிந்த தலைவன் வருமளவும் தலைவி ஆற்றியிருத்தலே அதன் உரிப்பொருள். மாலையில் வெண்ணிறமாக மலரும் முல்லை, காத்திருக்கும் கற்பின் அடையாளமாயிற்று. பறம்புமலைத் தலைவனாகிய பாரி, கொழுகொம்பின்றி வாடிய இக்கொடிக்குத் தன் தேரையே ஈந்த செய்தியைச் சிறுபாணாற்றுப்படை போற்றுகின்றது.

தேரை நிறுத்திய கொடி, யானையையும் நிறுத்தியது. சென்னைக்கு மேற்கே, ஆவடிக்கு அருகிலுள்ள வடதிருமுல்லைவாயிலின் தலவரலாறு அதனைக் கூறும். குறும்பர் மீது படையெடுத்துச் சென்ற தொண்டைமானின் களிற்றின் கால்களை முல்லைக் கொடிகள் பின்னிக்கொண்டன. மன்னன் வாளால் அவற்றை வெட்டினான், குருதி பெருகிற்று. புதரினுள் சிவலிங்கம் இருக்கக் கண்டு நடுங்கித் தன் கழுத்தை அரியத் துணிந்தான். அப்போது இறைவன் வெளிப்பட்டு, மாசற்ற மணியாய் யாம் உள்ளோம் என அருள்செய்தான் என்பர். மாசிலாமணீசுவரரின் திருமேனி வெட்டுத் தழும்புடன் இன்றும் சந்தனக்காப்பிலேயே விளங்குகிறது. மன்னனுக்குத் துணைசெல்ல எழுந்த நந்தி, சுவாமியை நோக்காது வெளிப்புறம் நோக்கியிருக்கக் காணலாம்.

இது பிற்காலத்தார் புனைந்த கதையன்று. சங்கிலியார்க்கு அளித்த சூளுறவைக் கடந்து, திருவொற்றியூர் எல்லையை நீங்கிய சுந்தரமூர்த்தி சுவாமிகள் கண்ணொளி இழந்தார். அத்துயருடன் இத்தலத்தை அடைந்து அவர் பாடிய ஏழாம் திருமுறைப் பதிகம், தொண்டைமானின் களிற்றை முல்லை பிணித்ததைக் குறிப்பிடுகின்றது. எனவே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வரலாறு அடியார் நெஞ்சில் நிலைபெற்றிருந்தது. பிணிப்பை வாளால் அறுத்தவனுக்கும் அருள் கிட்டியது என்பதே, சூளுறவைக் கடந்து வந்த அவருக்கு ஆறுதலாய் அமைந்தது போலும்.

தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூரிலும் இறைவன் முல்லைவனநாதரே. மணலால் அமைந்த அத்திருமேனியில் முல்லை படர்ந்த தழும்பு உண்டு; நீரால் அபிடேகம் செய்யாமல் புனுகு சாத்துகின்றனர். ஓரிடத்தில் வாளின் தழும்பு. மற்றோரிடத்தில் கொடியின் தழும்பு. இரண்டையும் இறைவன் தன் மேனியில் ஏற்றான்.

கொடிக்குத் தனியே நிற்கும் ஆற்றல் இல்லை. பற்றுக்கோட்டைத் தழுவியே உயர்கிறது. உயிர் இறைவனைப் பற்றும் நெறியும் அதுவே. செருக்குடன் வருவதை அக்கொடி தடுக்கும். அன்புடன் வருவதற்கு மணம் ஈயும்.

கோபுரமும் கலசமும் பல தலைமுறை நிற்பன. கொடியோ ஒரு கோடையில் நீரின்றேல் கருகிவிடும். நம் முன்னோர் திருநந்தவனங்களுக்கு நிலம் விட்டு, அதனைக் கல்லில் வெட்டிவைத்தது இதனை உணர்ந்தேயாம். குடமுழுக்குப் பன்னீராண்டுகட்கு ஒருமுறை. முல்லைக்கு நீர் வார்த்தலோ நாள்தோறும் செய்தற்குரியது. திருப்பணிக்கு வாரி வழங்கும் பெருமக்கள் தலவிருட்சத்தையும் பேணிக் காப்பாராயின், கட்டிய கோயில் மணமும் பெறும்.