பதினோரு இழுப்பறைகள்

1936-ம் வருடம். ஸ்வீடனுக்குச் சொந்தமான காட்லாந்து தீவில் ஒரு விவசாயி உழுதுகொண்டிருந்தார். அந்த இடத்துக்கு மாஸ்டர்மிர் என்று பெயர். ஒரு காலத்தில் ஏரியும் சதுப்புமாகக் கிடந்த நிலம்; தண்ணீரை வடித்து வயலாக்கியிருந்தார்கள். கலப்பை எதிலோ போய் மாட்டியது. தோண்டிப் பார்த்தால்... இரும்புச் சங்கிலி சுற்றிய ஓக் மரப் பெட்டி!

உடனே தங்கக் காசு, வைர அட்டிகை என்று கற்பனையை ஓட்டிவிடாதீர்கள். பெட்டிக்குள்ளும் சுற்றுவட்டாரத்திலும் கிடைத்த இருநூறு சொச்சம் சாமான்களில் முக்கால்வாசி சுத்தியல், கொறடு, அரம், ரம்பம், வாய்ச்சி, கோடாலி, சின்னச் சின்னப் பட்டடைக்கல்! கூடவே பூட்டுகள், மணிகள், ஒரு தூக்குக்கோல் தராசு. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வைக்கிங் காலத்து டூல் பாக்ஸ் அது. இரும்பு வேலை, மர வேலை இரண்டுமே தெரிந்த ஒரு கில்லாடியின் சொத்து. படகிலிருந்து தவறி ஏரியில் விழுந்ததா, வேண்டுமென்றே ஒளித்து வைத்ததா... ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்கள். சாமான்கள் இன்று ஸ்டாக்ஹோம் வரலாற்று மியூசியத்தில் இருக்கின்றன.

வைக்கிங் என்றதுமே நமக்கு ஞாபகம் வருவது கொள்ளை, கப்பல், ரத்தம். அந்தக் கப்பலுக்கு ஆணி அடித்தது யார் என்று எந்த வீரகாவியமும் விலாவாரியாகச் சொல்வதில்லை. அதைச் சொல்ல ஒரு பெட்டி வேண்டியிருந்தது.

இங்கிலாந்திலும் ஒரு பெட்டி உண்டு. 1796-ல் கென்ட் மாவட்டம், சாத்தம் ஊரைச் சேர்ந்த ஜோசப் சீட்டன் என்கிற மரவேலைக்காரர், மகன் பெஞ்சமினுக்காக லண்டனில் செட் செட்டாகக் கருவிகள் வாங்கித் தந்தார். மகன் அடுத்த வருடமே அவற்றை வைக்க ஓர் அற்புதமான பெட்டி செய்தான். பிறகு என்ன ஆயிற்றோ, கருவிகளை அதிகம் தொடவே இல்லை! சோம்பேறிப் பிள்ளை என்று திட்டத் தோன்றுகிறதா? ஆராய்ச்சியாளர்கள் அவனைக் கும்பிடுகிறார்கள். தேயாத உளிகளும் இழைப்புளிகளும் அப்படியே கிடைத்தன. என்னென்ன வாங்கியது என்ற பட்டியலும் கூடவே கிடைத்தது. ராச்செஸ்டர் கில்டுஹால் மியூசியத்தில் அது பத்திரமாக இருக்கிறது.

ஆனால், நான் சொல்ல வந்தது மியூசியத்துக்குப் போன பெட்டிகளைப் பற்றி அல்ல. வீட்டு கார் ஷெட்டின் மூலையில், பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் பெட்டிகளைப் பற்றி. அதற்கு நாம் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், டேட்டன் நகரத்துக்குப் போகவேண்டும்.

டேட்டன் என்றால் ரைட் சகோதரர்கள். அவர்களுடைய சைக்கிள் கடையில் சார்லி டெய்லர் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். விமானத்துக்குத் தோதான எஞ்சின் எந்த கம்பெனியிலும் கிடைக்கவில்லை என்றதும், ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், கைக்கருவிகள்... அவ்வளவுதான், ஆறே வாரத்தில் எஞ்சினைச் செய்து முடித்துவிட்டார். 1903 டிசம்பரில் பறந்தது அதுதான். உலகம் முழுக்கக் கடை கல்லாக்களில் 'டிங்' என்று மணியடித்த நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியும் அதே ஊர்தான். காரைக் கைப்பிடி போட்டுச் சுற்றி உயிரைக் கொடுக்க வேண்டிய அவஸ்தைக்கு முடிவு கட்டிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரைச் செய்த சார்லஸ் கெட்டரிங்கும் அங்கேதான் வேலை பார்த்தார். தெருவுக்குத் தெரு பட்டறை, பட்டறைக்குப் பட்டறை கில்லாடி மெஷினிஸ்ட்கள்.

இப்படிப்பட்ட ஊரில் 1906-ல் ஹாரி கெர்ஸ்ட்னர் என்ற மரவேலைக்காரர் டூல் பெட்டி செய்து விற்கத் தொடங்கினார். வெளியே ஓக் மரம், உள்ளே பச்சைக் கம்பளித் துணி. மேல்மூடியைத் தூக்கினால் ஒரு தட்டு, மூடியின் உட்புறத்தில் ஒரு கண்ணாடி. கீழே உயரம் குறைந்த, அகலமான இழுப்பறைகள். பிரபலமான மாடலில் மொத்தம் பதினோரு இழுப்பறைகள்! முன்பலகையைக் கழற்றி அடியில் இருக்கும் சந்துக்குள் தள்ளிவிடலாம். மாலையில் அதை இழுத்து நிறுத்தி, மூடியைச் சாத்தி, ஒரே பூட்டுப் போட்டால் எல்லா இழுப்பறையும் கப்சிப்.

மூடியில் கண்ணாடி எதற்கு, தலைசீவவா என்று கேட்காதீர்கள். கண்ணில் இரும்புத் துகள் விழுந்தால் எடுப்பதற்கு என்பார்கள் பழைய ஆட்கள். பச்சைத்துணி அலங்காரமல்ல. மைக்ரோமீட்டர் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் சமாசாரம். தலைமுடியின் கனமே அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. அப்படிப்பட்ட கருவியை வெறும் பலகையில் உருட்டிவிட முடியுமா? நடுவில் மட்டும் ஓர் இழுப்பறை உயரமாக இருக்கும். 1914-ல் முதன்முதலாக வெளிவந்த 'மெஷினரிஸ் ஹேண்ட்புக்' என்ற தடித்த புத்தகம் கச்சிதமாக உட்கார அந்த இடம். திருகாணி அளவு, பல்சக்கரக் கணக்கு என்று எதைக் கேட்டாலும் அதில் பதில் இருக்கும்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். துரு ஏறாமல் இருக்க அந்த ஊர் மெஷினிஸ்ட்கள் இழுப்பறையில் போட்டு வைத்தது என்ன தெரியுமா... கற்பூரம்! நம் பூஜையறைச் சரக்குதான். பழைய பெட்டியைத் திறந்தால் மெஷின் எண்ணெயும் கற்பூரமும் கலந்த வாசனை முகத்தில் அடிக்கும். 

சரி, ஃபேக்டரி வைத்திருப்பவன் முதலாளி. மெஷின் அவனுடையது. கருவியை மட்டும் எதற்காகத் தொழிலாளி காசு போட்டு வாங்க வேண்டும்? சுரண்டல் இல்லையா?

ஒரு பக்கம் பார்த்தால் ஆமாம். ஆனால், மெஷினிஸ்ட்கள் அதைக் கௌரவமாக நினைத்தார்கள். பெட்டி என்னுடையது என்றால், கையிலிருக்கும் வித்தையும் என்னுடையது. ஃபோர்மேனோடு ஒத்துவரவில்லையா... பெட்டியைப் பூட்டித் தூக்கிக்கொண்டு எதிர் கம்பெனிக்குப் போய்விடலாம். ஃப்ரெடரிக் டெய்லர் என்ற மேனேஜ்மென்ட் சித்தாந்தவாதிக்கு இந்தச் சுதந்திரம்தான் கண்ணை உறுத்தியது. ஸ்டாப்-வாட்ச் வைத்துத் தொழிலாளி கையசைவதை அளந்த அதே டெய்லர்தான்! வெட்டும் கருவியை ஆளாளுக்குத் தீட்டக் கூடாது, நிர்வாகமே ஒரே மாதிரி தீட்டி, டூல் ரூமில் வைத்து, வேலைக்கேற்ப எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார். உற்பத்தி கூடும் என்பது உண்மைதான். கூடவே, வித்தை தொழிலாளியின் பெட்டியிலிருந்து ஆபீஸ் அலமாரிக்கு இடம் மாறிவிடும். 1911-ல் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஸ்டாப்-வாட்ச்சைப் பார்த்ததும் வார்ப்படத் தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தது சும்மா இல்லை.

இதைப் படித்துவிட்டு மெஷினிஸ்ட்கள் எல்லோரையும் தியாகிகளாக்கிவிட வேண்டாம். 1888-ல் அட்லாண்டா ரயில்வே பட்டறையில் பத்தொன்பது பேர் ரகசியமாகக் கூடித் தொடங்கிய மெஷினிஸ்ட் சங்கம், ரொம்ப வருடங்களுக்கு வெள்ளைக்காரர்களை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தத் தடை நீங்க 1948 வரை ஆயிற்று! இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் இரவு பகலாக விமானமும் டாங்கியும் செய்து தள்ளிய நாட்களிலும் அந்த விதி அப்படியே இருந்தது. பச்சைத்துணிப் பெட்டி வைத்துக்கொள்ள யாருக்கு வாய்ப்புக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் பார்க்கவேண்டும்.

மரப்பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் தகரப் பெட்டிக்குப் போனார்கள். அதே ஒஹையோவில், வேன் வெர்ட் என்ற சிற்றூரில் 1911-ல் தொடங்கிய கென்னடி கம்பெனியின் பெட்டி பிரபலம். பழுப்பு நிறத்தில், சுருக்கம் விழுந்தாற்போல பெயின்ட். காயும்போது தானே சுருங்கும்படி தயாரித்த பெயின்ட் அது. உலோகத்தில் இருக்கும் சின்னக் கோளாறுகளையெல்லாம் சாமர்த்தியமாக மறைத்துவிடும். இந்தச் சுருக்க பெயின்ட்டின் பேட்டன்ட் உரிமையைக் கையில் வைத்திருந்ததும் ஒரு டேட்டன் கம்பெனிதான். உரிமத்தைக் காட்டி எல்லோரையும் ஒரே விலைக்கு விற்க வைத்தார்கள் என்று வழக்காகி, 1952-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போய் குட்டு வாங்கினார்கள். பெயின்ட்டில் சுருக்கம் விழுந்ததற்காகச் சுப்ரீம் கோர்ட் கூடியது அநேகமாக அந்த ஒரு தடவைதான்!

கார் மெக்கானிக்குகளின் கதை கொஞ்சம் வேறு. 1920-ல் மில்வாக்கியில் ஸ்னாப்-ஆன் கம்பெனி பிறந்தது. ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட். மாற்றி மாற்றி மாட்டினால் ஐம்பது ஸ்பானரின் வேலை. இது கிளப்பிவிட்ட ஆர்வத்தில் மெக்கானிக்கின் பெட்டி வளர்ந்து, சக்கரம் முளைத்து, ஆள் உயர அலமாரியாகிவிட்டது. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

டேட்டனுக்கே திரும்புவோம். எழுபதுகளில் கல்லாப்பெட்டி எலெக்ட்ரானிக் ஆயிற்று. பல்சக்கரமும் நெம்புகோலும் வேண்டாம் என்றதும், அவற்றைக் கடைந்து கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களும் வேண்டாம் என்றாகிவிட்டது. 2009-ல் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டரின் தலைமையகமே ஜார்ஜியா மாநிலத்துக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய வருடம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், டேட்டனை ஒட்டிய மொரெய்னில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஆலையை மூடியது. அந்தக் கட்டடத்தை 2014-ல் ஒரு சீனக் கண்ணாடிக் கம்பெனி வாங்கிய கதைதான் ஆஸ்கர் வாங்கிய 'அமெரிக்கன் ஃபேக்டரி' டாக்குமென்டரி.

ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். பெட்டிகளும் கூடவே போயின. அவர்கள் காலமான பிறகு பிள்ளைகள் ஷெட்டைத் திறந்து, 'இதை வைத்து என்ன செய்ய' என்று விழிக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் மேஜை போட்டு விற்கிறார்கள். பழசு சேகரிப்பவர்கள் விடிவதற்கு முன்பே வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு வருத்தமான ஒரு விஷயம் நடக்கிறது. பெட்டியைச் சாமான்களோடு வாங்குகிற வியாபாரி, அதைப் பிரித்து மேய்ந்துவிடுகிறார். ஸ்டாரெட் மைக்ரோமீட்டர் ஒருவருக்கு, பிரவுன் அண்ட் ஷார்ப் அளவுகோல் இன்னொருவருக்கு, காலிப் பெட்டி ஊசி நூல் வைக்க வேறொருவருக்கு. தனித்தனியாக விற்றால் லாபம் அதிகம், மறுக்கவில்லை. ஆனால், அங்கே ஒரு மனிதரின் நாற்பது வருடச் சரித்திரம் ஏலம் போகிறது. காரணம், பெட்டியில் இருப்பதெல்லாம் கடைச்சரக்கல்ல. அப்ரென்டிஸாக இருந்தபோது பையன் தானே அறுத்து, ராவித் தேய்த்துச் செய்த சின்ன கிளாம்ப், ஒரே ஒரு வேலைக்காகப் பின்னாளில் உருவாக்கிய விசித்திரமான கருவி... கம்பெனி முத்திரை இல்லாததால் இவற்றுக்கு விலையே கிடையாது. பழைய இரும்பு டப்பாவுக்குள் போய்விடும். எந்தக் கேட்லாக்கிலும் இல்லாத சாமான்கள் அவைதான்!

அதனால், வெளிநாடு போகும்போது இப்படியொரு பெட்டி உங்கள் கண்ணில் பட்டால் சில யோசனைகள். வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். கைபட்டுக் கறுத்த பிடிதான் அதன் அழகு. புதுசு வேண்டுமென்றால் கெர்ஸ்ட்னர் கம்பெனி இன்றும் டேட்டனில் செய்து தருகிறது, ஆயிரம் டாலருக்கு மேல். அதே பெயரில் சீனாவில் செய்த மலிவு ரகமும் உண்டு, லேபிளைப் பார்த்து வாங்குங்கள். பழசில், எல்லாக் கருவியிலும் ஒரே பெயர் அல்லது இனிஷியல் குத்தியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது பிரிக்காத பெட்டி. இரண்டாவதாக ஓர் இனிஷியல் தென்பட்டால் இன்னும் விசேஷம். அப்பாவிடமிருந்து மகனுக்கோ, ரிட்டயரான சீனியரிடமிருந்து ஜூனியருக்கோ கைமாறியிருக்கலாம். விற்பவரிடம், 'இவர் எந்தக் கம்பெனியில், என்ன வேலை பார்த்தார்' என்று கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி மேல் தட்டிலேயே போட்டு வையுங்கள். பேரம் பேசும் மும்முரத்தில் எல்லோரும் மறந்துபோவது இதைத்தான்.

கடைசியாக அந்த நடு இழுப்பறையைத் திறந்து பாருங்கள். ஹேண்ட்புக் அங்கேயே இருந்தால் பக்கங்களைப் புரட்டுங்கள். எண்ணெய்க் கறை எங்கே அதிகமோ, அந்தப் பக்கத்தை அவர் அதிகம் பார்த்திருக்கிறார். ஓரத்தில் பென்சிலால் ஏதாவது கூட்டல் கணக்கு இருக்கலாம். பல்சக்கரக் கணக்காகவும் இருக்கும், மளிகைக் கணக்காகவும் இருக்கும்.