கொள்ளையன் கதையும் குடும்பத்தின் சேமிப்பும்

கள்வன் வருகிறான் என்றால் கதவை அடைக்கின்றோம். கள்வன் கதை என்றாலோ காதைத் திறந்து வைக்கின்றோம். ஈதென்ன விந்தை! நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' நமக்கு அண்மையிலுள்ள கோவைப் பட்சிராஜா ஸ்டூடியோவில் 1954ஆம் ஆண்டு படமாகி, எம்.ஜி.ஆர். நடிப்பில் பெரும்புகழ் எய்திற்று. அக்கதையே 1957இல் 'தஸ்கரவீரன்' என மலையாளம் பேசிற்று. 1966இல் காயங்குளம் கொச்சுண்ணியும் திரைக்கு வந்தான். செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்தவன் என்னும் பேச்சு ஒன்றே இவர்களை வீரராக்கப் போதுமானதாயிற்று.

பிறர் பணத்தை எண்ணிக் கட்டி, முத்திரையிட்டு, ஒரு காசு குறைந்தாலும் உறக்கமின்றித் தவிக்கும் ரயில்வே எழுத்தராகிய நமக்கு இவ்வீரர்பால் சிறிது ஐயம் உண்டு. ஆகவே, கடல் கடந்த நாட்டில் மெய்யாகவே வாழ்ந்து மடிந்த வங்கிக் கொள்ளையன் ஒருவனுடைய வரலாற்றையும், அவனைப் பற்றிய படத்தையும் இவ்வாண்டு மலரில் அன்பர்களுக்கு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

ஜான் டில்லிங்கர் என்பான் 1903ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தவன். 1924இல் மளிகைக் கடைக்காரர் ஒருவரைத் தாக்கிப் பணம் பறிக்க முயன்று பிடிபட்டான். குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு தந்தை அறிவுரை கூறினார், மைந்தனும் ஒப்புக்கொண்டான். பத்து முதல் இருபது ஆண்டு வரை சிறை என்பது தீர்ப்பு. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. திருந்தி வரவேண்டியவன், உள்ளே இருந்த கைதேர்ந்த கொள்ளையரிடம் தொழில் கற்று 1933 மே மாதத்தில் வெளியே வந்தான். அதன் பின்னர் ஓராண்டுக் காலம் வங்கிகள் நடுங்கின. 1934 ஜூலை 22ஆம் நாள் சிக்காகோ நகரின் பயோகிராப் திரையரங்கில் கொள்ளைக்காரர் படமொன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, துப்பறியும் துறையினர் அவனைச் சுட்டு வீழ்த்தினர். அப்போது அவனுக்கு வயது 31.

இத்தகையவனுக்கு மக்கள் ஏன் பரிவு காட்டினர்? 1930 முதல் 1933 வரை அந்நாட்டில் சுமார் ஒன்பதாயிரம் வங்கிகள் நொடித்துப் போயின. உழைத்துச் சேர்த்த பணத்தை வங்கியில் இழந்த குடியானவனுக்கு, அவ்வங்கியைக் கொள்ளையிட்டவன் பழிவாங்கியவனாகத் தோன்றினான். ஆனால் டில்லிங்கர் பறித்த பணம் எந்தக் குடியானவனுக்கும் திரும்பவில்லை. அவன் கூட்டத்தின் குண்டுகளுக்குக் காவலர் சிலரும் பலியாயினர்.

அவன் கதையைப் படமாக்கலாகாது என அக்காலத்துத் திரைத்தொழில் தலைவர்கள் தடுத்தனர். எனினும் 1945இல் மோனோகிராம் என்னும் சிறு நிறுவனம், மாக்ஸ் நோசெக்கின் இயக்கத்தில், அந்நாளில் அதிகம் அறியப்படாத லாரன்ஸ் டியர்னியைத் தலைமை வேடத்தில் நடிக்கச் செய்து, மிகக் குறைந்த செலவில் அப்படத்தை வெளியிட்டது. கொள்ளைக் காட்சியொன்றைப் புதிதாக எடுக்கப் பணமின்றி, 1937இல் வந்த வேறொரு படத்திலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டனர்! ஓடும் நேரம் 70 நிமிடமே. எனினும் பிலிப் யார்டன் எழுதிய அதன் திரைக்கதை ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. படத்தின் தொடக்கத்தில், திரையரங்க மேடையிலே டில்லிங்கரின் தந்தை தோன்றி, மகனின் கதையைக் கூறத் தொடங்குகிறார். துப்பாக்கி முழக்கம் அனைத்தையும்விட அம்முதியவரின் நிலையே நம் நெஞ்சைத் தொடுவது.

திரை வேறு, வாழ்வு வேறு என்பதை நம் மாநிலமும் கண்டது. 2007 டிசம்பர் இறுதியில், மலப்புறம் மாவட்டத்துச் சேலேம்பிராவில், தெற்கு மலபார் கிராமிய வங்கிக் கிளையின் கீழ்த்தளத்தை உணவு விடுதி நடத்துவதாகக் கூறி வாடகைக்குப் பிடித்த சிலர், மேல்தளத்தைத் துளைத்து ஏறி, சுமார் 80 கிலோ தங்கத்தைக் கவர்ந்தனர். இந்திப் படமொன்றே இதற்குத் தூண்டுகோல் என்று பேசப்பட்டது. இரண்டு மாதங்களுக்குள் அவர்கள் பிடிபட்டனர். பெரும்பகுதி நகையும் மீண்டது. அந்நகை எவருடையது? மகள் திருமணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் எளியோர் அடகு வைக்கும் தாலிக்கொடியும் வளையலும் அன்றோ அத்தகைய பெட்டகங்களில் உறங்குவன!

இனி, துப்பாக்கியின்றியே மக்கள் பணம் மறைந்த வரலாறும் நமக்குண்டு. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் நொடித்தது. அதன் விளைவாக 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1938இல் திருவாங்கூர் நேஷனல் குயிலான் வங்கி வீழ்ந்தது. 1960 ஆகஸ்டு 8ஆம் நாள், இடுக்கி மலைச்சாரலுக்கு அண்மையிலுள்ள பாலாவைத் தலைமையிடமாகக் கொண்ட பாலாய் சென்ட்ரல் வங்கியை மூடுமாறு ரிசர்வ் வங்கி கேரள உயர்நீதிமன்றத்தை நாடியது. சிறுகச் சிறுகச் சேர்த்தோர் பலர் கண்கலங்கினர்.

இக்கண்ணீரை மலைக்கள்ளன் எவனும் துடைக்கவில்லை. சட்டமே துடைக்க முன்வந்தது. அமெரிக்காவில் 1934 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த வைப்புத்தொகைக் காப்புறுதி, நம் நாட்டில் 1962 ஜனவரி முதல் நாள் தோன்றியது. அன்று ஒருவருக்கு ரூ. 1,500 வரையே காப்பு. 2020 முதல் ரூ. 5 லட்சம். இதற்கென நாம் தனியே பணம் கட்ட வேண்டுவதில்லை, வங்கியே கட்டுகிறது. ஆனால் கவர்ச்சி வட்டி காட்டி வரும் தனியார் சீட்டுகளுக்கு இக்காப்பு இல்லை என்பதைக் காலனி அன்பர்கள் மறவாதிருத்தல் நன்று.

பிழைப்பைத் தேடி மலையேறியும் கணவாய் கடந்தும் வந்த நமக்குச் சேமிப்பு ஒன்றே துணை. கள்வன் படத்தை மக்களோடு அமர்ந்து பார்ப்போம், அதில் பிழையில்லை. ஆனால் படம் முடிந்து வீடு திரும்புங்கால், 'அப்பணம் எவருடையது?' என்னும் ஒரு கேள்வியை மட்டும் பிள்ளைகளிடம் கேட்டு வைப்போம். விடையை அவர்களே காண்பர்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!