ஆனைமுடியைச் சுற்றி: பட்டியலில் உள்ள இடங்களும் இல்லாத இடங்களும்

மூணாறுக்கு வரும் பயணி இரண்டு நாளில் பார்த்து முடிக்கும் இடங்களின் பட்டியல் பெரும்பாலும் மாறுவதில்லை. ராஜமலையில் வரையாடு, நல்லதண்ணியில் தேயிலை அருங்காட்சியகம், நகரின் மேட்டில் பழைய கிறித்தவ ஆலயம், மாட்டுப்பட்டி அணை, குண்டளை ஏரி, டாப் ஸ்டேஷன், மறையூர்ச் சாலையில் லக்கம் அருவி, நேரமிருந்தால் மறையூரின் கற்திட்டைகள். இவை அனைத்தும் கேரளத்தின் முதல் தேசியப் பூங்காவான இரவிகுளத்தை அடுத்தோ அதன் சுற்றுவட்டாரத்திலோ அமைந்தவை. பட்டியல் இவற்றைத் தூரத்தின்படி வரிசைப்படுத்துகிறது. காலத்தின்படி வரிசைப்படுத்தினால், ஒரு மலை யார் யார் கைக்கு எப்படி மாறியது என்ற வரலாறு அதே இடங்களிலிருந்து எழுந்து வருகிறது. அவ்வரலாற்றின் முக்கியமான சில இடங்கள் பட்டியலில் ஏன் இடம்பெறவில்லை என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

காலத்தால் முந்தியது மறையூர். ஆனைமலைத் தொடரின் மழைமறைவுப் பகுதியில், சந்தனக் காடுகளுக்கும் கரும்பு வயல்களுக்கும் இடையே, பாறை மேடுகளில் நிற்கும் பெருங்கற்காலத் திட்டைகளை அங்குள்ளோர் முனியறை என்பர். பாறை ஓவியங்களும் இவ்வட்டாரத்தில் உண்டு. தேயிலை வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இம்மலைச்சரிவில் மனிதர் வாழ்ந்தனர், இறந்தோரை நினைவில் வைத்தனர் என்பதற்கு இவை சான்று. இங்கு ஓடும் பாம்பாறு, கேரளத்தின் பெரும்பாலான ஆறுகளைப் போல மேற்கே திரும்பாமல், கிழக்கே சென்று அமராவதியோடும் அதன்வழிக் காவிரியோடும் சேர்கிறது. நீர் சென்ற திசையிலேயே நெடுங்காலம் மக்களின் போக்குவரத்தும் நிகழ்ந்தது. அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கின் ஊர்களும், மலையின் பழங்குடிகளான முதுவரும் தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்ததாகவே மரபு கூறுகின்றனர். மதுரை மீனாட்சியின் திருவுருவை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் எனப் பெயர் பெற்றனர் என்பது அவர்கள் வாய்மொழி வரலாறு. அதைச் சொற்பிறப்பியலாகக் கொள்வதா, ஓர் இடப்பெயர்வின் நினைவாகக் கொள்வதா என்பது ஆய்வுக்குரியது. எவ்வாறாயினும், மலை ஆளற்ற வெற்றிடமாக இருந்தது என்ற காலனியக் கற்பனைக்கு அது இடம் தருவதில்லை.

அக்கற்பனை எழுத்தில் ஏறியது 19-ஆம் நூற்றாண்டில். நிலஅளவையாளர் வார்டும் கானரும் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலைகளை அளந்தனர். 1862-இல் சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் ஆனைமுடியில் ஏறினார். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான அதன் உயரம் 2,695 மீட்டர். ஏறியதாக எழுத்தில் பதிவான முதல் மனிதர் ஹாமில்டன். அவருக்கு முன் அப்புல்வெளிகளில் வேட்டையாடியோருக்கும் தேன் எடுத்தோருக்கும் பதிவேடு இல்லை. இன்று இரவிகுளம் எனப்படும் மேட்டுநிலம் சில காலம் ஹாமில்டன் மேட்டுநிலம் என்றே வழங்கியது.

அடுத்த மாற்றம் ஓர் ஆவணத்தால் நிகழ்ந்தது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் திருவிதாங்கூர் அரசு அதனை ஏற்றது. கண்ணன், தேவன் என்போர் மன்றோவுக்கு வழிகாட்டிய முதுவர் தலைவர்கள் என்று ஒரு மரபு உண்டு. அது உண்மையாயின், வழிகாட்டியோரின் பெயர் மலைக்கும் பின்னர் தேயிலைப் பொட்டலத்துக்கும் கிடைத்தது, நிலம் மட்டும் கிடைக்கவில்லை. 1880-இல் முதல் தேயிலை நடப்பட்டது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. காப்பி, சின்கோனா முதலிய சோதனைகளுக்குப் பின் தேயிலையே நிலைத்தது.

காடழித்துச் செடி நட ஆட்கள் வேண்டும். அவர்கள் கங்காணிகள் வழியாகத் திருநெல்வேலி, மதுரைப் பகுதிகளிலிருந்து முன்பணத்தின் பிடியில் அழைத்து வரப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறும் பாதையே அவர்களுடைய வாயில். சுற்றுலாப் பட்டியலின் டாப் ஸ்டேஷன் இங்கு புதிய பொருள் பெறுகிறது. இன்று மேகம் பார்க்கவும் தேனிச் சமவெளியைப் பார்க்கவும் மக்கள் நிற்கும் அவ்விடம், குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வேயின் மிக உயரமான நிலையம். 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தின் மீது மாடுகள் இழுக்கும் வண்டிகளோடு தொடங்கிய அவ்வழி, 1908-இல் இரண்டடி அகலக் குறும்பாதையாக மாறியது. மூணாற்றிலிருந்து வந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் மலையடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிச் சென்றன. பெட்டிகள் இறங்கிய அதே கிழக்குச் சரிவில்தான் தொழிலாளர் குடும்பங்கள் நடந்து ஏறின.

1924 ஜூலையில், கொல்லம் ஆண்டு 1099-இல், வந்த பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. பூயம்குட்டி, மாங்குளம் வழியாக ஆலுவாயை இணைத்த பழைய சாலையும் அவ்வெள்ளத்தில் சிதைந்தது. 1935-இல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டதும் புதிய சாலை மூணாற்றைக் கொச்சியோடு இணைத்தது. கிழக்கே பார்த்திருந்த மலையின் வணிகம் மெல்ல மேற்கே திரும்பியது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி அமைக்கப்பட்டபோது, தமிழர் மிகுந்திருந்த தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. வட்டங்கள் கேரளத்தில் நின்றன, அவற்றின் தொழிலாளர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். ரயில்வேயின் ஒரு சக்கரம் இன்று தேயிலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயுள்ள 1913-ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரம் திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்தில் இருந்த கைத்தொழிற் பள்ளியில் செய்யப்பட்டது. மூணாறுக்கும் தென்தமிழகத்துக்கும் இருந்த உறவைப் பேசும் அரிய காட்சிப்பொருள் அது. அதன் முன் நின்று நேரம் பார்ப்போர் அதிகம், ஊர்ப்பெயரைக் கவனிப்போர் குறைவு.

கிறித்தவ ஆலயத்தின் பின்னே குன்றில் ஒரு கல்லறைத்தோட்டம் உள்ளது. ஆலயத்துக்கு அடிக்கல் இடப்பட்டது 1910-இல். கல்லறைத்தோட்டம் அதனினும் பழையது. 1894-இல் வாந்திபேதியால் இறந்த எலினார் நைட் என்ற இளம் ஆங்கிலப் பெண்ணின் கல்லறையே அங்கு முதலாவது. அவள் கதை வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் கதை. அது துயரமானது, நினைக்கத் தக்கது. ஆனால் அதே காலத்தில் வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் தொழிலாளர் குடியிருப்புகளை விட்டுவைத்ததில்லை. அவர்களுடைய புதைமேடுகளில் பெயர் பொறித்த கல் இல்லை. ஒரே நோய்க்கு இறந்தவருள் யாருடைய மரணம் பார்வையிடும் இடமாகிறது என்பதைச் செல்வமும் கல்லும் தீர்மானித்தன.

தேசியப் பூங்காவின் பிறப்பும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிகழ்ந்ததன்று. பனியும் காற்றும் மிக்க உயர்புல்வெளிகள் தேயிலைக்கு ஏற்றவையல்ல. எனவே அவை தோட்டத்துரைமாரின் வேட்டைக்களமாக விடப்பட்டன. 1928-இல் உருவான அவர்களுடைய வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் யார், எப்போது, எதைச் சுடலாம் என்று வரையறுத்தது. முதுவர் காவலர்களாக அமர்த்தப்பட்டனர். 1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைகளின் நிலமீட்புச் சட்டத்தை இயற்றியது. அவ்வாறு அரசின் கைக்கு வந்த புல்வெளி 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு உலகிலேயே மிக அதிகமாக ஒரே தொகுதியாக வாழ்வது இங்குதான். 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளில் இரவிகுளமும் ஒன்று. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் இங்கு பூத்தது. பின்னது அவ்வாண்டின் பெருவெள்ளத்தோடு வந்தது. வேட்டைக்காகக் காக்கப்பட்ட விலங்கு இன்று அதன்பொருட்டே காக்கப்படுகிறது. இது மெய்யான சாதனை. அச்சாதனையில் துரைமாரின் பங்கும், அரசின் பங்கும், காவல் காத்த முதுவரின் பங்கும் சேர்த்தே எண்ணப்பட வேண்டும்.

பயணிகளுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டுமே. பூங்காவின் பேருந்து அவர்களை இறக்கிவிடும். தார்ச்சாலையில் நடந்து, ஆட்டைப் பார்த்து, படம் எடுத்துத் திரும்புவர். அவ்வழியே மேலும் சென்றால் பெட்டிமுடி. அதற்கும் அப்பால் நடைவழி, 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக உருவான முதுவரின் எடமலைக்குடிக்குச் செல்கிறது. பெட்டிமுடி ஒரு தேயிலைத் தோட்டப் பிரிவு. 2020 ஆகஸ்டு 6 இரவு, பெருமழையில் மலை சரிந்து அங்கிருந்த லயங்களின் மீது விழுந்தது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்ற அவ்விரவின் செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். இறந்தோர் 70 பேர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். நூறாண்டுக்கு முன் தேயிலைப் பெட்டி எந்தத் துறைமுகம் நோக்கி இறங்கியதோ, அதே மாவட்டத்திலிருந்து ஏறி வந்தவரின் வழித்தோன்றல்கள்.

மழையும் சரிவும் இயற்கை நிகழ்வுகள். அச்சரிவின் கீழ் யார் உறங்கிக்கொண்டிருந்தனர் என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. லயம் தொழிலாளியின் உடைமையன்று. வேலையில் இருக்கும்வரை மட்டுமே அங்கு வசிக்கலாம். ஓய்வுபெற்றால் வெளியேற வேண்டும். அதனால் வீட்டை இழக்காதிருக்க மகனோ மகளோ தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்வர். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் ஒரே வரிசை வீட்டில், தான் தேர்ந்தெடுக்காத இடத்தில், வாழ்வது இவ்வாறுதான். 2015 செப்டம்பரில் மூணாற்றின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள், ஆண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கங்களையும் மறுத்து, பெண்களின் ஒற்றுமை என்ற பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தெருவை நிறைத்தபோது முன்வைத்தது போனசும் கூலியும் மட்டுமல்ல, இவ்வாழ்நிலையும்தான். 1877-இன் குத்தகையில் தொடங்கி 1971-இன் சட்டம்வரை இம்மலையின் நிலம் பலமுறை கைமாறியது. செடிக்கும், ஆட்டுக்கும், அணைக்கும், விடுதிக்கும் அதில் இடம் ஒதுக்கப்பட்டது. உழைத்தவருக்குச் சொந்தமாகச் சிறு மனை என்பதோ இன்றும் கோரிக்கையாகவே நிற்கிறது.

பேரிடர் நிகழ்ந்த இடத்தைச் சுற்றுலாத் தலமாக்குவது முறையன்று. ஆனால் வரலாற்றுக் குறிப்பில் அதற்குரிய இடத்தைத் தருவது வேறு. மூணாற்றைக் களமாகக் கொள்ளும் மாணவர்கள் ஆவணக்காப்பகத்தின் குத்தகைப் பத்திரங்களோடு, கயத்தாறு, போடிப் பகுதி ஊர்களில் இன்னும் நினைவிலிருக்கும் கங்காணிகளின் பெயர்களையும், மலையேறிய பாதைகளையும், முதுவரின் வாய்மொழி மரபையும் சேர்த்துத் தொகுக்க வேண்டியுள்ளது. அந்நினைவுகளைச் சொல்லக்கூடியோர் முதியோர். தொகுக்கக் கிடைத்திருக்கும் காலம் அவர்களுடைய ஆயுள்தான்.

மறையூரின் முனியறைகளைக் கட்டியவர் யார் என்று பெயர் சொல்ல இன்று ஒருவரும் இல்லை. பெட்டிமுடியில் இறந்த 70 பேருக்கும் பெயர் உண்டு, உறவினர் உண்டு, பூர்வீக ஊர் உண்டு.